அணைந்த விளக்கு

போன மாசம் என் மோட்டாரின் பின்விளக்கு எரியவில்லை. மெக்கானிக் கடையில் ரெண்டு நிமிஷ வேலை.

2016 ஜூலையில் அமெரிக்காவின் மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்டீலின் காரை போலீஸ் நிறுத்தியது. அவரிடம் சொன்ன காரணம்: பிரேக் விளக்கு எரியவில்லை. சில நிமிடங்களில் அவர் சுடப்பட்டார், உயிர் போனது. அதற்கு முன்பே நாற்பது தடவைக்கு மேல் நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவர் அவர்.

விளக்கு எரியாத வண்டி ஆபத்துதானே? ஆபத்துதான். நான் பொறியாளன், பழுதைச் சும்மா விடச் சொல்லமாட்டேன். ஆனா பழுதைவிட அதைச் சரிசெய்யும் முறை ஆபத்தானதென்றால், முறையைத்தானே மாத்தணும்? பிலடெல்பியா 2021இல் அப்படியொரு சட்டம் போட்டது. ஒரு விளக்கு எரியாதது உள்ளிட்ட எட்டு சிறு குற்றங்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது. சம்மனைத் தபாலில் அனுப்பலாம்.

'நிறுத்தினால்தானே துப்பாக்கி சிக்கும்' என்பார்கள். அப்படியென்றால் தேடியது விளக்கை இல்லை. வாய் ஒரு காரணத்தைச் சொல்ல, கண் வேறொன்றைத் தேடுகிறது. அந்தக் கண் யார் மேல் விழும் என்பதுதான் கேள்வி.