பார்வையின் அதபு

தமது அன்றாட வாழ்க்கையைத் தாமே படம்பிடித்து யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் வெளியிடும் குடும்பங்களைப் பற்றிப் பேசாத வீடு இப்போது நமது பகுதியில் குறைவு. பிள்ளை தூக்கம் கலைந்து எழும்புவது, தாய் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவது, பெருநாளைக்கு உடுப்பு எடுப்பது, கணவனும் மனைவியும் கோபித்துப் பின் சமாதானமாவது என எல்லாமே பார்க்கக் கிடைக்கின்றன. பார்ப்பவர்களிடம் விசாரித்தால் இரண்டு பதில்கள் ஒரே வாயிலிருந்து வரும். “நல்ல குடும்பம், பார்க்கவே ஆசையா இருக்கு” என்பார்கள். சற்றுப் பொறுத்து, “ஆனா இதையெல்லாம் ஏன் காட்டுறாங்களோ தெரியா” என்பார்கள். மறுநாளும் பார்ப்பார்கள்.

இந்த இரண்டுபட்ட மனத்தைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். காட்டுகிறவர்களின் சரி பிழை பற்றி நிறையப் பேசியாயிற்று. பார்க்கிறவரின் பங்கு என்ன என்ற கேள்வி மட்டும், “அவங்க கதவைத் திறந்து வெச்சிருக்காங்க, நாம பார்க்கிறோம்” என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் போதுமானதா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்போம். அங்கே கொக்கட்டிச்சோலையை அண்டிய கிராமப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்தத் துறையில் வாவியைக் கடக்க படகையே நம்பியிருந்த பிரதேசம் இது. இன்று வயல் வரம்பில் நிற்பவரின் கையிலும் தொலைபேசி இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுடைய பெயர், பிறந்தநாள், பிடித்த சாப்பாடு எல்லாம் என் மாணவர்களுக்குத் தெரியும். அடுத்த வளவுப் பிள்ளையின் பிறந்தநாள் தெரியாது.

ஆயினும் இதை வெறும் வீண்பொழுது என்று ஒதுக்க நான் தயாரில்லை. வாவியின் இரு கரைகளிலும் தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் குடும்பங்கள் பல. அப்படியான ஒரு மாணவன் அம்மம்மாவோடு வளர்கிறான். ஒரு குடும்பத்தின் காணொளிகளை விடாமல் பார்ப்பான். “அதுல என்னடா பார்க்கிறாய்?” என்று ஒருமுறை கேட்டேன். “அந்த அம்மா சோறு தீத்துறத்த, சேர்” என்றான். மேற்கொண்டு கேட்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. கணவன் வெளிநாட்டில் இருக்கும் இளம் பெண்கள், மகன்மார் புலம்பெயர்ந்துவிட்ட முதியவர்கள் எனப் பலருக்கும் இக்குடும்பங்கள் ஒரு துணையாக இருக்கின்றன. மனைவிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் ஒரு தகப்பனைப் பார்த்து நம் ஆண்கள் சிலர் நாணியதும் உண்டு. இந்த நன்மைகளை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

இனி அந்தத் திறந்த கதவுக்கு வருவோம். பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லும்படி ஸூரத்துந் நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்பது நபிமொழியின் கருத்து. கால் நுழைவதற்கு முன்பே கண் நுழைந்துவிடுகிறது என்பதைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். வீட்டுக்காரரே அனுமதி தந்துவிட்டாரே என்று கேட்கலாம். தந்தவர் தகப்பன், அல்லது தாய். தமது சமையலை, தமது சண்டையை, தமது கடனைக் காட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் அழுகையைக் காட்ட அனுமதி தர வேண்டியவர் யார்? வீட்டுக்குக் கதவு ஒன்றுதான், உள்ளே இருக்கும் ஆட்களோ பலர்.

அன்போடு பார்த்தால் தீங்கில்லை என்று நினைப்பவர்கள் கனடாவில் நடந்த ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. 1934 மே 28ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தில் டியோன் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்து, ஐவரும் பிழைத்துக்கொண்டனர். மாகாண அரசு அவர்களைப் பெற்றோரிடமிருந்து எடுத்து, தனியே கட்டிய ஒரு மனையில் வளர்த்தது. அவர்கள் விளையாடும் முற்றத்தைச் சுற்றி, உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே நிற்பவர் தெரியாதபடி ஒரு திரை அமைக்கப்பட்டது. 1936 முதல் 1943 வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அங்கே வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பஞ்ச காலத்தில் ஐந்து பிள்ளைகள் சிரித்து விளையாடுவதைக் கண்டு மனம் ஆறிப் போக வந்தவர்களே பெரும்பாலானோர். விளம்பரக் கம்பனிகளும் நினைவுப் பொருள் வியாபாரிகளும் அந்த அன்பைப் பணமாக்கினார்கள். 1997இல் அமெரிக்காவில் ஒரே பிரசவத்தில் ஏழு குழந்தைகள் பிறந்தபோது, உயிரோடிருந்த டியோன் சகோதரிகள் மூவரும் அப்பெற்றோருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தமக்கு நேர்ந்தது அப்பிள்ளைகளுக்கு நேரக்கூடாது, பிள்ளைகளைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடாதீர்கள் என்பதே அதன் சாரம். 1998இல் ஒன்ராறியோ அரசு அவர்களுக்கு 40 இலட்சம் கனடிய டொலர் வழங்கியது. வந்து பார்த்த 30 இலட்சம் பேரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

நமது காலத்துக்கு வந்தால், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரூபி பிராங்கி என்ற தாய் 2015இல் தொடங்கிய குடும்ப அலைவரிசைக்கு ஒரு கட்டத்தில் சுமார் 25 இலட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். ஆறு பிள்ளைகளை ஒழுக்கத்தோடு வளர்க்கும் முன்மாதிரித் தாய் என்பது அவருக்கிருந்த பெயர். 2023 ஓகஸ்ட் 30ஆம் திகதி அவருடைய 12 வயது மகன், அவர் கூட்டாளியின் வீட்டு யன்னல் வழியாகத் தப்பி, அயல்வீட்டுக் கதவைத் தட்டிச் சாப்பாடும் தண்ணீரும் கேட்டான். உடல் மெலிந்து, கை கால்களில் கட்டிய காயங்களோடு நின்றான். தாய் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2024 பெப்ரவரியில் சிறைத் தண்டனை பெற்றார். பார்வையாளர் சிலர் 2020இலேயே சந்தேகப்பட்டு மனு எழுதியதும், அதிகாரிகளுக்கு அறிவித்ததும் உண்மை. ஆயினும் அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் கிடைத்தது தட்டுவதற்கு ஒரு கதவும், திறப்பதற்கு ஓர் அயலவருமே.

அயலவருக்கும் பார்வையாளருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அயலவரும் நம்மைப் பார்க்கிறார், நாமும் அவரைப் பார்க்கிறோம். நம் வீட்டுச் சண்டை அவருக்குக் கேட்கும், அவர் வீட்டுச் சண்டை நமக்குக் கேட்கும். இரு பக்கமும் கேட்பதால் இரு பக்கமும் வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளை அழுதால் வேலிக்கு மேலால் “என்ன மகள்?” என்று கேட்கலாம். பார்வையாளரோ திரைக்கு வெளியே நிற்பவர். அவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும், பிள்ளைக்கு அவரைத் தெரியாது.

இது தூரதேசத்துச் சங்கதி மட்டுமல்ல. தமிழ்நாட்டின் பிரபல யூடியூபர் இர்பான், பிறக்கவிருந்த தம் குழந்தை ஆணா பெண்ணா என்பதை டுபாயில் பரிசோதித்தறிந்து 2024 மே மாதம் காணொளியாக வெளியிட்டார். சிசுவின் பாலினத்தை வெளியிடுவது இந்தியச் சட்டப்படி குற்றம் என்பதால் சுகாதாரத் துறை அறிவித்தல் அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில், சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் குழந்தையின் தொப்புள்கொடியை அவர் வெட்டும் காணொளி வெளிவந்து மீண்டும் சர்ச்சையானது. விமர்சனம் எல்லாம் அவர்மீதே விழுந்தது. அந்தக் காட்சிகளைத் தேடிச் சென்று பார்த்த பெருந்தொகையானோர் பற்றி யாரும் பேசவில்லை. யூடியூப்பில் நீண்ட காணொளிகளுக்கான விளம்பர வருமானத்தில் 55 வீதம் பதிவிடுபவருக்குப் போகிறது. அவ்வருமானத்துக்குத் தகுதி பெறும் ஒரு வழி, 1,000 சந்தாதாரர்களோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் பெறுவது. அந்த மணிநேரங்கள் நம்முடையவை. எந்தக் காட்சியில் நாம் கூடுதலாகத் தங்குகிறோமோ, அந்தக் காட்சிதான் மறுபடி எடுக்கப்படும்.

நமது ஊர்களில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. வறிய குடும்பத்தின் வீட்டுக்குள் கெமராவோடு போய், அவர்கள் நிலையைக் காட்டி, புலம்பெயர்ந்தோரிடம் உதவி பெற்றுக் கொடுக்கும் காணொளிகள். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், உதவி என்ற பெயரில் சென்ற வீட்டில் பெண்களை இழிவாகப் பேசிப் பதிவிட்டார் என்ற குற்றச்சாட்டில் யூடியூபர் ஒருவர் கைதானது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் நான் சொல்ல வருவது இழிவே இல்லாத ஒரு சம்பவம். என் மாணவி ஒருத்தியின் வீட்டைப் பண்பாகவே படம்பிடித்தார்கள். தாய் அழுதழுது தன் கதையைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது, ஒழுகிய கூரைக்குத் தகரம் ஏறியது. அதற்குப் பிறகு வகுப்பில் சில பிள்ளைகள், தாய் அழுதுகொண்டே சொன்ன ஒரு வசனத்தை அப்படியே சொல்லிக்காட்டத் தொடங்கினார்கள். அவளுக்குப் பென்சிலும் கொப்பியும் கொடுத்து உதவுகிற பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். அவள் சில நாள் வரவில்லை. வந்த அன்று என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சேர், அத அழிக்க ஏலாதா?”

பதிவிட்டவரோடு பேசினோம். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும், அகற்ற முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாயோ, “கூரை தந்தவங்க சேர், இதைப் போய்க் கேட்க எனக்குக் கூச்சமா இருக்கு” என்றார். பார்த்தவர்களும் பார்க்கப்பட்டவளும் ஒரே வாங்கில் இருந்ததால் என் வகுப்பில் அதைப் பேசித் தீர்க்க முடிந்தது. சொல்லிக்காட்டியவர்கள் அவள் முகத்தைக் கண்டதும் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். இணையத்தில் பார்ப்பவர் அந்த வாங்கில் வந்து அமரப்போவதே இல்லை.

அந்தப் பிள்ளை கேட்டதைச் சில நாடுகள் சட்டமாக்கத் தொடங்கியுள்ளன. பிரான்ஸ் 2020 ஒக்டோபரில் இயற்றிய சட்டம், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இவ்வகையில் ஈட்டும் பணத்துக்குப் பாதுகாப்பு அளித்ததோடு, பெற்றோரின் சம்மதமின்றியே தம் காணொளிகளை அகற்றுமாறு தளங்களிடம் கோரும் உரிமையையும் அவர்களுக்குத் தந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல் பிள்ளைக்குரிய பங்கைத் தனியே வைப்பிலிட வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரையும் பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் பணத்தைப் பங்கிடச் சட்டத்தால் முடியும், பார்த்த கண்ணிலிருந்து காட்சியைத் திருப்பி எடுக்க முடியாது.

நமது மூத்தவர்களிடம் இதற்கொரு சொல் இருந்தது: கண்ணூறு. வாவியின் இரு கரையிலும், கோயில் ஊரிலும் பள்ளி ஊரிலும், அது பொதுச்சொல். பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதும், கட்டும் வீட்டின் முன்னே வெருளி தொங்கவிடுவதும் அதற்காகத்தான். கண்ணூறு என்பது பொறாமைக்காரரின் கண் மட்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஹுனைப் குளித்துக்கொண்டிருந்தபோது, அவரது மேனியழகை மற்றொரு தோழரான ஆமிர் இப்னு ரபீஆ வியந்து சொன்னார்; ஸஹ்ல் அவ்விடத்திலேயே நோயுற்று விழுந்தார் என்றொரு செய்தி உண்டு. அவருக்காகப் பரக்கத் வேண்டியிருக்கக் கூடாதா என்று நபிகளார் ஆமிரைக் கண்டித்தார்கள். வியந்தவர் பகைவரல்லர், தோழர். அன்பான வியப்பும் ஒருவரை வீழ்த்தக்கூடும், ஆகவே பார்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு என்பதே நான் இதிலிருந்து பெறும் பாடம். கண்ணூற்றை நம்பாதவர்கள்கூட இந்தக் கருத்தை மறுக்கமாட்டார்கள் என நினைக்கிறேன்.

அந்தக் கடமையை அதபு என்று சொல்லலாம். பெரியவர்கள் விரும்பிக் காட்டும் சமையலையும் பயணத்தையும் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. பிள்ளை அழும்போது, நோயில் கிடக்கும்போது, அடியும் ஏச்சும் வாங்கும்போது, குளிக்கும்போது நமது விரல் அந்தக் காணொளியை விட்டு நகரவேண்டும். அதைப் பிறருக்கு அனுப்பக் கூடாது. “ஏன் இன்று பிள்ளையைக் காட்டவில்லை?” என்று பின்னூட்டம் எழுதக் கூடாது, அது பிள்ளையைக் கெமராவுக்கு முன் இழுத்து வரும் கயிறு. நம் நாட்டுப் பிள்ளை ஒன்றுக்குத் தீங்கு நடப்பதாகத் தோன்றினால், பின்னூட்டத்தில் பொங்குவதை விட்டு 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். அதுதான் அயலவரின் வேலை.

சோறு தீத்துவதைப் பார்க்கிற அந்த மாணவனுக்கு இந்த விதிகளை நான் சொல்லப்போவதில்லை. அவனுக்குத் தேவை அவனுடைய தாய். இவை வளர்ந்தவர்களுக்கானவை.

மூன்று தடவை ஸலாம் சொல்லியும் உள்ளிருந்து பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது நமக்குக் கற்றுத் தரப்பட்ட ஒழுங்கு. அந்த வீட்டின் பெரியவர்கள் நமது ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை இன்னும் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பதில் வரப் பதினைந்து இருபது வருடங்கள் செல்லும். அதுவரை அதன் அறை வாசலில் நிற்காமல் இருப்பது நம்மால் ஆகாத காரியமல்ல.