முன்னோர் சொல்லை ஆராய்வது அதபுக்கு மாறானதா?

"மகான்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குமேல் நாம் ஆராய என்ன இருக்கிறது?" என்று நம்மவர் சொல்வதுண்டு. கெட்ட எண்ணத்தில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. பெரியோர்மீது கொண்ட மரியாதைதான் அவ்வாறு பேச வைக்கிறது. கிதாபில் உள்ளதைப் பற்றி 'ஏன்?' என்று கேட்கும் மாணவனை 'அதபு இல்லாதவன்' என்று அடக்கி உட்கார வைப்பதும் அதே மரியாதைதான். ஆனால் மரியாதை என்பது இதுதானா?

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கி விடுகிறேன். அல்லாஹ்வின் வேதமும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உறுதிப்பட்ட வாக்கும் நம் ஈமானின் அடித்தளம். இந்தப் பேச்சு அவற்றைப் பற்றியதன்று. மனிதர்கள் தங்கள் அறிவைக் கொண்டு கண்டு சொன்னவற்றையும், ஒருவர் வாய் மற்றொருவர் காது என்று நம்மிடம் வந்து சேர்ந்தவற்றையும் பற்றியதே.

ஹதீஸ் கலை இமாம்கள், ஒரு ராவி வணக்கசாலி என்பதற்காக மட்டும் அவருடைய அறிவிப்பை ஏற்றுக் கொண்டார்களா? இல்லை. அவர் நினைவாற்றல் எத்தகையது, யாரிடம் கேட்டார், அந்த ஆசிரியரை அவர் சந்தித்திருக்க முடியுமா, முதுமையில் மறதி வந்ததா என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்தார்கள். 'இது புறம் பேசுவதாகாதா?' என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முகவுரையில் இதற்கு விரிவாகவே விடை தந்திருக்கிறார்கள். குறை தெரிந்திருந்தும் அதை மக்களுக்குச் சொல்லாமல் விடுகிறவரே குற்றவாளி, பொதுமக்களை ஏமாற்றியவர் என்பது அதன் கருத்து. அப்படியானால், ஆராய்வதைக் கடமையாகவும் ஆராயாமல் மூடி வைப்பதை மோசடியாகவும் நம் முன்னோர்களே கண்டிருக்கிறார்கள்!

இதே பண்பு வேறொரு துறையிலும் துலங்கியதற்குச் சான்றாக ஒரு பெரியாரைச் சொல்ல வேண்டும். அலாவுத்தீன் இப்னுந் நபீஸ் (ரஹ்) ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டில், டமாஸ்கஸில் மருத்துவம் கற்று கெய்ரோவில் வாழ்ந்தவர். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த பகீஹ். அங்கே மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பிக்ஹு ஓதிக் கொடுத்தவர். இமாம் தாஜுத்தீன் ஸுப்கி (ரஹ்) ஷாபிஈ உலமாக்களின் வரலாற்றைத் தொகுத்தபோது இவரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். மரணப் படுக்கையில் மருந்தாக மது கொடுக்கப்பட்டபோது, அதை உள்ளே வைத்துக்கொண்டு அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவருடைய பேணுதல் அத்தகையது.

இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து இடப்பக்க அறைக்கு இரத்தம் எப்படிப் போகிறது? இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துவாரங்கள் உண்டு, அவற்றின் வழியாகவே போகிறது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் சொல்லியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே பாடம். மருத்துவ உலகின் தலைவராகப் போற்றப்பட்ட இப்னு ஸீனாவும் அந்த வழியிலேயே எழுதினார். இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு உரை எழுத அமர்ந்த இப்னுந் நபீஸ், அந்தச் சுவர் கனமானது, அதில் தெரியும் துவாரமும் இல்லை, தெரியாத துவாரமும் இல்லை என்று மறுத்துவிட்டார். இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, அதன்பிறகே இடப்பக்கம் வந்து சேர வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்காது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

அவர் இப்னு ஸீனாவை இழித்துப் பேசவில்லை. அவருடைய நூலுக்கு உரைதான் எழுதினார். வரிக்கு வரி படித்து விளக்கம் எழுதிய கைதான் தவறு கண்ட இடத்தில் திருத்தியும் எழுதியது. அதபு என்பது இதுவல்லாமல் வேறென்ன? இரண்டு மொழிபெயர்ப்பைப் புரட்டிவிட்டு இமாம்களைத் திருத்தக் கிளம்பும் சில வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முழுவதும் ஓதாதவனுக்குத் திருத்தும் உரிமை இல்லை.

அந்த உரைக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. பின்வந்த உரையாசிரியர் சிலர் அவர் கருத்தை எடுத்தெழுதியதுண்டு. ஆயினும் அது பொதுப் பாடமாகவில்லை. அதை மேலும் சோதித்து அடுத்த படிக்குக் கொண்டு செல்லும் பரம்பரையும் உருவாகவில்லை. ஹிஜ்ரி 687-ல், அதாவது 1288-ல், அவர் காலமானார். தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். 1924-ல் முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியில் இந்தப் பகுதியைக் கண்டு வெளிப்படுத்தினார். நம்முடைய செல்வம் நமக்கே தெரிய வர அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது!

இந்தச் செய்தியை மேடையில் முழங்குவோர், "ஹார்வி நம்மவரிடமிருந்து திருடினார்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கொள்கிறார்கள். 1628-ல் ஹார்வி நிறுவியது உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை. நுரையீரல் வழியை 1553-ல் செர்வீட்டஸ் எழுதினார். இவர்கள் இப்னுந் நபீஸைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. தீயவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது. நமக்குப் பெருமை தரும் செய்தி என்றால் மட்டும் விசாரணை வேண்டாமா? ஸனது இல்லாத பெருமையும் ஸனது இல்லாத ஹதீஸைப் போன்றதுதான் என்பது என் எண்ணம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மருத்துவத்தை பர்ளு கிபாயா என்று கூறி, தம் காலத்து ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் இல்லையே, எல்லாரும் பிக்ஹில் போய் நெருக்குகிறார்களே என்று 'இஹ்யா'வில் வருந்துகிறார்கள். அதற்குக் காரணமும் சொல்கிறார்கள்: மருத்துவம் படித்தால் வக்பு நிர்வாகமும் காழிப் பதவியும் கிடைக்காதல்லவா! இன்று பதவிகளின் பெயர்தான் மாறியிருக்கிறது. கைநிறையச் சம்பளம் தரும் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பக் கடன்படும் தகப்பனார், 'ஆராய்ச்சி செய்யப் போகிறேன்' என்று மகளோ மகனோ சொன்னால் முகம் சுளிக்கிறார். ஊர் முழுவதும் இப்படியே இருந்துவிட்டால் பர்ளு கிபாயாவை விட்ட குற்றம் ஊர் முழுவதையும் சேரும் என்பது பாலபாடம் ஓதியவருக்கும் தெரியும்.

நம் பங்குக்கு உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீட்டுப் பெட்டிகளில் அரபுத்தமிழில் எழுதப்பட்ட கையேடுகள் கிடக்கின்றன. பிக்ஹு, மாலைப் பாட்டு, மருத்துவக் குறிப்பு என்று பலவும் அவற்றில் உண்டு. அரபு எழுத்தாக இருப்பதால், பழசாகிவிட்டால் கண்ணியத்தோடு அடக்கம் செய்துவிடுகிறோம், அல்லது கடலில் சேர்த்துவிடுகிறோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அப்படியொன்று உங்கள் வீட்டில் இருந்தால், அடக்கம் செய்யுமுன் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கங்களைப் படம் பிடித்து, அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த கல்லூரி ஆசிரியர் எவருக்காவது அனுப்பி வையுங்கள். வாசிக்கத் தெரிந்த மூதாட்டியர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் பேத்தியை உட்கார வைத்து, பாட்டியம்மா வாசிக்க வாசிக்கத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.