அடைத்த கதவின் முன் வேண்டுதல்

தேனி மாவட்டம் தேவதானப்பட்டியில் மஞ்சளாற்றங்கரையில் உள்ளது மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில். இங்கு கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. பூசையும் தீபாராதனையும் அடைத்த கதவுக்கே நடக்கின்றன. ஆற்று வெள்ளத்தில் வந்த பெட்டி மூங்கில் புதரில் அணைந்து நின்றது என்பது தலவரலாறு. பெயரும் அதிலிருந்தே வந்தது.

துன்ப காலத்து வேண்டுதலின் இயல்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கோயில் அரிது. மழை பொய்த்த விவசாயியும் பிள்ளையின் நோய்க்காக நேர்ந்துகொள்ளும் தாயும் அம்மன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவள் கேட்கிறாள் என்றே பேசுகிறார்கள். காணாமை வேறு, கேளாமை வேறு என்பது அவர்கள் வழிபாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

பதில் தாமதமானால் என்ன செய்வது? இது கடினமான கேள்வி. திருமறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கோயில் கதவு திறக்க அப்பர் பதிகம் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. கடைசிவரை பாடிய பிறகே திறந்தது. பிறகு அதை மூடச் சம்பந்தர் பாடியதும் அது உடனே மூடிக்கொண்டது. அந்தத் தாமதம் அப்பரை வருத்தியதாக 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். அடியாரின் அந்த வருத்தத்தை நம்பிக்கைக் குறைவாக அவர் எண்ணவில்லை. சைவ மரபு அதை மறைக்காமல் வைத்திருப்பது பெரிய விஷயம்.

தேவதானப்பட்டியிலோ கதவு திறக்க வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை. மாசி மகா சிவராத்திரித் திருவிழாவில் கூட்டம் அந்தக் கதவின் முன்னேயே கைகூப்பி நிற்கிறது.