வீட்டுக்குள் தொலைந்த வெள்ளிக்காசு

வேத வாசிப்பு: லூக்கா 15:8-10, எரேமியா 36

 

லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் மூன்று காரியங்கள் காணாமற்போகின்றன. ஆடு மந்தையை விட்டுப் போயிற்று. இளைய குமாரன் தூரதேசத்துக்குப் போனான். ஆனால் வெள்ளிக்காசு எங்கே தொலைந்தது? வீட்டுக்குள்ளேதான்! அது வாசற்படியைத் தாண்டவே இல்லை. ஆனாலும் அந்த ஸ்திரீயின் கைக்கு அது இல்லாத காசுதான். அவள் விளக்கைக் கொளுத்தினாள், வீட்டைப் பெருக்கினாள், கிடைக்கும்வரை தேடினாள்.

இந்த வசனங்களை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் என் சொந்த வீட்டில் ஒரு காசு தொலைந்தபோதுதான் கர்த்தர் என்னை உட்காரவைத்து இதைக் கற்றுக்கொடுத்தார். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் உங்கள் குடும்பத்துக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். நான் பிரசங்கக் குறிப்பு அடிப்பதும் அதிலேதான். என் மனைவி ஞாயிறு பள்ளிக் கணக்கு எழுதுவதும், மகள் காலேஜ் பிராஜெக்ட் செய்வதும், மகன் விளையாடுவதும் அதிலேதான். எல்லாருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆச்சி, கர்த்தருக்குள் நித்திரையடையும் முன் கடைசி வருஷத்தில் செய்த ஜெபங்களை மனைவி போனில் பதிவு செய்து அந்தக் கம்ப்யூட்டரில்தான் போட்டு வைத்திருந்தாள். மொத்தம் 14 பதிவுகள். வேறெங்கும் நகல் இல்லை. போனும் பழுதாகிப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வெறுமையாக வந்தது! ஐகான் இல்லை, குறிப்புகள் இல்லை, படங்கள் இல்லை. வாங்கின முதல் நாள்போல இருந்தது. பென் டிரைவில் இருந்த என் பழைய பிரசங்கங்களைத் திறந்தேன். அவை பாமினி எழுத்தில் அடித்தவை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தன. "வைரஸ் வந்திருச்சு, எல்லாம் போச்சு" என்று முடிவு கட்டினேன்.

"அம்மாவோட ஜெபமும் போச்சாங்க?" என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டேன்.

"என்னடா பண்ணித் தொலைச்ச? கண்ட கேமையும் ஏத்தாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நான் தொடவே இல்லப்பா."

"பொய் வேற சொல்றியா?"

பிரியமானவர்களே, அன்று இரவு அவன் சாப்பிடாமல் படுத்தான். நானோ மறுநாள் ஆராதனைக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்து பிரசங்கத்தை மறுபடியும் அடித்தேன். இன்டர்நெட்டிலிருந்து, அழிந்த ஃபைலை மீட்டுத் தருகிற புரோகிராம் இரண்டை இறக்கி அதே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், இரவில் அடித்த பிரசங்கமும் இல்லை!

ஆராதனை முடிந்ததும், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற நம் சபைச் சகோதரன் ஒருவரிடம் சொன்னேன். அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "பாஸ்டர், வீட்டுக்குப் போனதும் அதைப் போடாதீங்க. இனிமே ஒண்ணும் ஏத்தாதீங்க, ஒண்ணும் சேவ் பண்ணாதீங்க. நாளைக்கு நான் வர்றேன்."

திங்கட்கிழமை வந்தார். திரையின் மூலையில் வந்த சின்ன அறிவிப்பைக் காட்டினார். நான் வாசிக்காமலே மூடிவிட்ட அறிவிப்பு அது. "பாஸ்டர், உங்க வீடு அப்படியே இருக்கு. சாவிதான் பொருந்தல. அதனால விண்டோஸ் உங்களை ஒரு தற்காலிகக் கணக்குல உக்கார வச்சிருக்கு. லாட்ஜ் ரூம் மாதிரி. இங்க என்ன எழுதி வச்சாலும், வெளிய போனதும் தொடச்சிரும்."

சி டிரைவில் யூசர்ஸ் என்கிற ஃபோல்டரைத் திறந்தார். எங்கள் பழைய கணக்கின் ஃபோல்டர் அங்கேயே இருந்தது! முதலில் அதை முழுவதுமாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தார். அதற்குப் பிறகுதான் ரெஜிஸ்ட்ரியில், இந்தக் கணக்குக்கு இந்த ஃபோல்டர் என்று சொல்லுகிற பதிவைச் சரிசெய்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் பழைய திரை வந்தது. பாமினி எழுத்தும் வந்தது. அந்த எழுத்துரு எங்கள் கணக்குக்குள் மட்டும் ஏற்றப்பட்டிருந்ததாம். ஆக, என் பழைய பிரசங்கங்களில் ஒரு எழுத்தும் அழியவில்லை. வாசிக்கிற கண்ணாடிதான் காணாமற்போயிருந்தது.

"இது எதனால வருது தம்பி?" என்றேன்.

"பல காரணம் உண்டு பாஸ்டர். அப்டேட் ஓடிட்டிருக்கும்போது யாராவது கரண்டை நிறுத்தினாலும் வரலாம்."

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று, சுற்றிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தபடியே சுவர் ஸ்விட்சை அணைத்தது யார்? நான்தான்! ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அப்போது மனைவி, "அம்மா ஜெபம் இருந்த ஃபோல்டரை மட்டும் காணோமே" என்றாள். சகோதரன் எங்களைப் பார்த்தார். "யாராவது டெலிட் பண்ணினீங்களா? உண்மையைச் சொன்னாத்தான் எங்க தேடணும்னு தெரியும்."

ஒருவரும் பேசவில்லை. மகன் தலை குனிந்து நின்றான். அப்பொழுது ஆவியானவர் எனக்கு வியாழக்கிழமையை நினைப்பூட்டினார். சி டிரைவில் இடமில்லை என்று செய்தி வந்தது. "புது ஃபோல்டர்" என்ற பெயரில் ஒன்று கிடந்தது. மகனுடைய விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, திறந்தும் பாராமல், ஷிப்டையும் டெலிட்டையும் சேர்த்து அமுக்கினேன். அப்படி அமுக்கினால் அது ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது.

"நான்தான் அழிச்சேன். வெள்ளிக்கிழமை ஸ்விட்சை அணைச்சதும் நான்தான்" என்றேன். பிறகு மகனைப் பார்த்து, "மன்னிச்சிரு ராஜா. அப்பா உன்மேல அபாண்டமாப் பழி போட்டுட்டேன்" என்றேன். பிரசங்க பீடத்தில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். ஆனால் என் சொந்த முன்னறையில் அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

பிரியமானவர்களே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட நான்கு காரியங்களை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது, நிறுத்துங்கள்!

ஒரு ஃபைலை அழித்தால் உடனே என்ன நடக்கிறது? அந்தச் சகோதரன் எளிமையாகச் சொன்னார். வாசலில் "வாடகைக்கு" என்று ஒரு போர்டு மாட்டுகிறோம், அவ்வளவுதான். உள்ளே கட்டில், பீரோ எல்லாம் அப்படியே கிடக்கிறது. புதுக் குடித்தனம் வந்து இறங்கும்போதுதான் பழைய சாமான் போகிறது. சனிக்கிழமை இரவு நான் ஏற்றிய இரண்டு புரோகிராம்களே அந்தப் புதுக் குடித்தனம்! மீட்கிறேன் என்று சொல்லி நானே மேலே எழுதினேன். இது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் ஆனதால் மிச்சம் இருந்தது. இப்போது வருகிற எஸ்எஸ்டி டிஸ்க்கில் அழித்த இடத்தை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும்; அங்கே வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பொருள் காணவில்லை என்றால் முதலில் கையை எடுங்கள். வீட்டில் சண்டை வந்தாலும் அதுதான். கோபத்தில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும், பிள்ளையின் உள்ளத்தில் முன்பு எழுதின நல்ல வார்த்தையின்மேல் எழுதப்படுகிறது.

இரண்டாவது, ஒத்துக்கொள்ளுங்கள்!

எதை, எப்பொழுது, எந்தப் பட்டனால் அழித்தோம் என்று சொல்லாவிட்டால் மீட்கிறவர் இருட்டில் தேடவேண்டும். நான் சொன்ன பிறகுதான் அவர் கம்ப்யூட்டரை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தம்முடைய மிஷினில் மாட்டி, கிடைத்ததை வேறு டிஸ்க்கில் சேர்த்தார். அவர் விளக்கோடு வந்தார், மறைத்தது நான். தேவனிடத்திலும் நாம் இப்படித்தான் நிற்கிறோம். மீட்பரை வீட்டுக்கு அழைத்துவிட்டு, நடந்ததை மறைத்தால் எப்படி?

மூன்றாவது, வீட்டுக்குள்ளே தேடுங்கள்!

யோசியா ராஜாவின் 18-ஆம் வருஷத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது (2 இராஜாக்கள் 22). எங்கே? எதிரியின் கோட்டையிலா? கர்த்தருடைய ஆலயத்திலேயே! ஆலயத்தைப் பழுதுபார்க்கிற காலத்தில் ஆசாரியன் இல்க்கியா கண்டெடுத்தான். ஆகவே "போச்சு" என்று சொல்லுமுன் பாருங்கள். ரீசைக்கிள் பின், யூசர்ஸ் ஃபோல்டர், வீட்டிலுள்ள மற்றவருடைய கணக்கு, பென் டிரைவ், யாருக்காவது அனுப்பின மெயில், எல்லாவற்றையும் பாருங்கள். ஒன்றை மறவாதிருங்கள். சிஸ்டம் ரீஸ்டோர் என்பது கம்ப்யூட்டரின் அமைப்புகளைத்தான் பழைய நாளுக்குத் திருப்பும். அழித்த போட்டோவையும் குரலையும் அது கொண்டுவராது.

நான்காவது, இரண்டாவது சுருளை ஆயத்தமாக்குங்கள்!

எரேமியா 36-இல், யோயாக்கீம் ராஜா தேவனுடைய வார்த்தை எழுதின சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். முழுவதும் எரிந்துபோயிற்று. கர்த்தர் என்ன செய்தார்? வேறொரு சுருளை எடுக்கச் சொன்னார். எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு மறுபடியும் எழுதினான்; முந்தினதைவிட அதிகமாகவும் எழுதினான். அல்லேலூயா! ஆனால் எரேமியாவுக்குச் சொல்ல வார்த்தை கொடுத்தவர் தேவன். நம்முடைய கம்ப்யூட்டருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நாம்தான் முன்னதாகவே நகல் எடுத்து வைக்கவேண்டும்.

இப்பொழுது எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் தனித்தனிக் கணக்கு. மற்றவர் பொருளை ஒருவர் தெரியாமல் அழிக்க முடியாதபடி, சகோதரனே அமைத்துக் கொடுத்தார். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலே ஃபைல் ஹிஸ்டரி என்று ஒரு வசதி உண்டு. நாம் தொடங்கிவைத்தால்தான் அது வேலை செய்யும். வெளி டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி அலமாரியில் வைக்கிறோம். இன்னொரு நகல் என் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் நகல் எடுப்பது இப்பொழுது என் மகனுடைய பொறுப்பு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவன் அவன்தான்.

ஆச்சியின் பதிவுகள் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 14-இல் 9 முழுமையாகக் கிடைத்தன. 2 பாதியில் அறுந்துபோகின்றன. 3 கிடைக்கவில்லை. மீண்டு வந்தவற்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். மனைவி ஒவ்வொன்றாய்க் கேட்டுப் பெயர் எழுதினாள். ஐந்தாவதைப் போட்டபோது ஆச்சி என் மகனுடைய பேரைச் சொல்லி, அவனுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிற சத்தம் முன்னறையில் கேட்டது. அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அந்த மூன்று பதிவுகள் என் பதற்றத்தின் விலை. அவற்றை நான் திரும்பக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த ஜெபங்களைக் கேட்கவேண்டியவர், அவள் ஜெபித்த நாளிலேயே கேட்டுவிட்டார். அது எங்களுக்கு ஆறுதல்.

தேவபிள்ளையே! உன் வீட்டில் எது தொலைந்திருக்கிறது? மகனுடைய பேச்சா? மனைவியின் சிரிப்பா? குடும்ப ஜெபமா? அது தூரதேசத்தில் இல்லை, உன் முன்னறையிலேயே கிடக்கிறது. இன்று இரவே விளக்கைக் கொளுத்து. யார்மேல் பழிபோட்டாயோ அவர் தூங்கப்போகுமுன் போய்ப் பேசு.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, பதறி அழிக்கிற எங்கள் கைகளையும், விசாரியாமல் குற்றஞ்சாட்டுகிற எங்கள் நாவையும் அடக்கும். எங்கள் தப்பிதத்தை எங்கள் பிள்ளைகள் முன்பாக ஒத்துக்கொள்ளப் பெலன் தாரும். தொலைந்ததைத் தேட எங்களுக்கு வெளிச்சம் தாரும். கிடைத்ததைக் காத்துக்கொள்ள ஞானம் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.