கலப்பினப் பசுவுக்குப் பட்ட கடன்

ஓர் உயிரின் உடல் எப்படி இருக்க வேண்டும் என்று அது பிறக்கும் முன்பே தீர்மானிப்பவர், பின்னால் அந்த உடல் படும் பாட்டுக்கும் பொறுப்பாவாரா? கலப்பினக் கறவை மாடு எழுப்பும் அறக்கேள்வி இது. கேரளத்து மாடுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கலப்பினம் என்பதால் அங்கே இதை ஏட்டளவில் நிறுத்திவிட முடியாது.

அந்த நிலை தானாக வந்ததல்ல. 1961-இல் வந்த கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாத காளைகளைக் காயடிக்க வழிசெய்தது. 1963-இல் சுவிட்சர்லாந்துடன் ஒப்பந்தமாகி, மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளைகளின் விந்து உள்ளூர்ப் பசுக்களுக்குச் செலுத்தப்பட்டது; பிறகு ஜெர்சியும் ஹோல்ஸ்டீன் பிரீசியனும் சேர்ந்தன. இப்படி உருவானதே சுனந்தினி என்ற கலப்பினம். 1976-இல் அமைக்கப்பட்ட வாரியம், இன்று கேரள கால்நடை வளர்ச்சி வாரியம் என்ற பெயரில் திருவனந்தபுரம் பட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இனப்பெருக்கப் பணியை நடத்துகிறது. இரண்டு மூன்று லிட்டரோடு நின்றுவிடும் நாட்டுப் பசு இருந்த தொழுவத்தில், அதைப்போல் சில மடங்கு கறக்கும் பசு நின்றது. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய மாற்றமல்ல.

அந்த மாற்றத்தின் விலை மாட்டின் உடலில் விழுந்தது. நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்கிறது. செரிமானத்தில் பிறக்கும் சூட்டைப் புழுக்கம் வெளியேற விடுவதில்லை. மாடு மூச்சிரைக்கிறது, தீவனத்தைக் குறைக்கிறது, சினைப்பருவம் மங்குகிறது. வெப்ப நாடுகளில் பருவம் குறுகிய நேரமே நீடிக்கும். பெரும்பாலும் இரவில் வந்து போகும். விடிந்து பார்த்தால் வாலில் காய்ந்த ஒழுக்கு மட்டும் ஒட்டியிருக்கும். அதைத் தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்காத மாட்டுக்குப் பால் வற்றுகிறது. தீவனச் செலவு வற்றுவதில்லை. அடுத்து வருபவர் அடிமாட்டு வியாபாரி. உழவுக்கு மாடு தேவைப்படாமல் போன பின் காளைக்கன்றுக்கு அந்த அவகாசம்கூடக் கிடையாது.

இதற்கு ஒரு சாமர்த்தியமான பதில் உண்டு: கலப்பு செய்யாவிட்டால் இந்தப் பசு பிறந்தே இருக்காது, பிறவியையே தந்தவர் மீது அது எப்படிக் குறை சொல்லும்? மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலில் மனிதரின் வருங்காலத் தலைமுறைகளை வைத்து அலசிய புதிர் இது. இன்னொரு மெய்யியலாளரான பெர்னார்ட் ராலின் வேறு அளவுகோல் வைத்தார்: மரபணு மாற்றத்தால் உருவாகும் விலங்கு, மாற்றப்படாத தாய் தந்தையரைவிடக் கூடுதலாகத் துன்பப்படும் நிலையில் இருக்கக் கூடாது. மாட்டுக்கு இதுவே பொருந்தும். பிறவியைக் கொடுத்தது அதை எப்படியும் நடத்தும் உரிமையாகாது. பெற்றோர் சொன்னால் எடுபடாத அந்த வாதம் பண்ணையார் சொன்னால் மட்டும் ஏன் எடுபட வேண்டும்? திருவனந்தபுரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு ‘ஜீவகாருண்ய பஞ்சக’த்தில் எல்லா உயிரையும் உறவாகக் கண்டு கொல்லாமையை வலியுறுத்தினார். அந்த நோக்கில் பார்த்தால் கறக்கும் வரை உறவு, வற்றியதும் சரக்கு என்ற ஏற்பாடு நிற்காது. ஆனால் குரு காட்டிய வழியில் போனால் வற்றிய மாட்டுக்கும் தீவனம் போட்டாக வேண்டும். அந்தச் செலவை ஏழை வளர்ப்பவர் தலையில் மட்டும் கட்டுவதும் கருணையாகாது.

இனப்பெருக்க அறிவியலே இங்கே ஓர் எல்லையைக் காட்டுகிறது. முதல் தலைமுறைக் கலப்பில் தெரியும் வீரியம், அந்தக் கலப்பினங்களைத் தமக்குள்ளேயே சேர்க்கும்போது குறைகிறது. அயல் இரத்தத்தை மேலும் ஏற்றினால் வெப்பமும் உண்ணிக் காய்ச்சலும் தாங்கும் சக்தி தேய்கிறது. சுனந்தினியில் அயல் பங்கைப் பாதியளவில் நிறுத்த முயன்றது அதனால்தான். அந்தக் கட்டுப்பாடு, பாலை மட்டும் பார்த்த திட்டம் என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் தணிக்கிறது. முழுக்கத் தணிக்கவில்லை. காயடிப்பும் கலப்பும் சேர்ந்து, சராசரியாக 90 சென்டிமீட்டர் உயரம்கூட எட்டாத வெச்சூர் நாட்டுப் பசுவை அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 1989-இல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் தேடிச் சேர்த்த சில மாடுகளிலிருந்தே அது மீண்டது.

ஒரு மாடு நலமாக இருக்கிறதா என்பதற்குப் பால் கணக்கு நம்பத்தக்க சாட்சியல்ல; நல்ல தீவனம் அதைக் கொஞ்ச காலம் ஏற்றிக் காட்டும். வருடத்துக்கு ஒரு கன்று என்ற பழைய கணக்குக்கு நெருங்கி ஈனுகிறதா என்பது கூடுதலாகச் சொல்லும். பொலிகாளையைத் தேர்வு செய்யும்போது மகள்களின் பாலோடு அவற்றின் ஈற்று இடைவெளிக்கும் சம எடை கொடுப்பதும், சினை பிடிக்காத மாட்டின் இழப்பை ஈடுகட்டும் காப்பீட்டில் அரசும் பால் கூட்டுறவும் பங்கேற்பதும், அந்த உடலை வடிவமைத்தவர்கள் அதற்குச் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன்.