இரண்டு வீட்டுப் பூனை

பூனைக்குப் பால் வார்ப்பது பாவமாகுமா? கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். பசித்த உயிருக்கு ஒரு கிண்ணம் பால் வைப்பதைப் பாவம் என்று எந்தச் சாத்திரமும் சொல்லாது. ஆனால் அது பக்கத்து வீட்டுப் பூனையாக இருந்தால்? அந்த வீட்டில் இருப்பது தனியாக வாழும் ஒரு கிழவியாக இருந்தால்? இந்தக் கேள்விகளை நானே எனக்குப் போட்டுக்கொள்ளும்படி ஆகிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

வில்லியனூரில், திருக்காமீசுவரர் கோயில் மணியும் லூர்து மாதா கோயில் மணியும் காதில் விழும் ஒரு தெருவில் என் வீடு இருக்கிறது. ஜன்னலோரம் மேஜை. எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கதையல்ல, சோம்பல். ஒரு நாள் சோம்பலுக்கு அடுத்தபடியாக ஒரு பூனை வந்தது. மதிலிலிருந்து ஜன்னல் விளிம்புக்குத் தாவி, என்னைப் பார்த்தது, அறையைப் பார்த்தது, பாதி எழுதியிருந்த தாளையும் பார்த்துவிட்டு, அதில் உட்காருவதற்கு மேல் எதுவும் இல்லை என்று தீர்மானித்ததுபோல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது.

வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத் திட்டாக இருந்தன. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், மனிதருக்குள் நிறபேதம் தகாது என்று சொல்வதற்கு ஒரு பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளைச் சாட்சிக்கு அழைத்தாரல்லவா? இங்கே ஒரே பூனை மூன்று நிறங்களையும் தானே சுமந்துகொண்டு வந்திருந்தது. நடையிலே ஓர் அதிகாரம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கம்யூனுக்குக் கம்யூன் ஒரு மேயர் உண்டு, 'மேர்' என்பார்கள். தன் எல்லையைத் தினம் ஒருமுறை பார்வையிட்டுப் போகும் இந்தப் பிரமுகருக்கு அந்தப் பெயரையே வைத்தேன்.

முதல் நாள் வெறும் வரவேற்பு. இரண்டாம் நாள் ஒரு துண்டு வறுத்த மீன். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஒரு கிண்ணம் பால்.

"அடுத்த வீட்டுப் பூனைக்குத் தினமும் பால் ஊற்றுகிறீர்களே, அந்த ஆயாவை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றாள் என் மனைவி.

"பூனை என்ன, பித்தளைக் குடமா? இரவல் கேட்டு வாங்குவதற்கு?" என்றேன்.

சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். சாமர்த்தியமான பதில் ஒன்று வாயில் வந்துவிட்டால் மனிதன் அதை நியாயம் என்றே நம்பிவிடுகிறான். என் பதிலுக்கு முட்டுக்கொடுக்க எத்தனையோ ஆதாரங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். அவற்றில் சில உண்மையிலேயே சுவையானவை.

நாயை மனிதன் பழக்கினான், மாட்டைக் கட்டினான், பூனை மட்டும் தானாக வந்தது என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். மேற்காசியாவில் மனிதன் உழுது விதைத்துக் களஞ்சியத்தில் தானியம் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. வந்ததை மனிதன் விரட்டவில்லை, அதுவும் போகவில்லை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், மனித எலும்புக்கூட்டின் அருகிலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் இருந்ததை 2004-இல் வெளியிட்டார்கள். அந்தத் தீவுக்குப் பூனை சொந்தப் பிராணியல்ல. எவரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். வாழ்வில் கூட இருந்ததைச் சாவிலும் கூடவே கிடத்தியிருக்கிறார்கள்.

சட்டத்தின் போக்கும் எனக்குச் சாதகமாகவே தோன்றியது. ஒரு காலத்தில் எங்கள் மண்ணிலும் நடப்பிலிருந்த பிரெஞ்சு சிவில் சட்டம் 1804-இல் எழுதப்பட்டபோது, பிராணிகளை நாற்காலி மேஜைபோல அசையும் சொத்துகளின் வரிசையில் சேர்த்தது. 2015-இல்தான் பிரான்சு நாட்டார் அந்தச் சட்டத்தில், பிராணிகள் உணர்ச்சியுள்ள உயிர்கள் என்று எழுதிச் சேர்த்தார்கள். 'சட்டமே அது சொத்தல்ல என்று இறங்கி வந்துவிட்டது. ஆயாவுக்கு மட்டும் அதன்மேல் ஏது பாத்தியதை? அது தன் இஷ்டப்படி வருகிறது. தன் இஷ்டப்படி இருக்கிறது' என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

இவ்வளவு வலுவான தீர்ப்பு கையில் இருந்தும், ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும் நேரத்தில் எனக்குச் சங்கடம் உண்டாயிற்று. அந்த நேரத்தில்தான் மதிலுக்கு அப்பாலிருந்து, "ராசாத்தி... அடி ராசாத்தி..." என்று ஆயா கூப்பிடுவாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். என் மடியிலிருந்த பூனையின் காது அந்தத் திசைக்கு ஒருமுறை திரும்பும். எழுந்து போகாது. வயிறு நிறைந்திருக்கிறதே! "இங்கேதான் இருக்கிறது ஆயா" என்று ஒரு குரல் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? நான் கொடுக்கவில்லை. ஒரு நாளல்ல, இருபது நாள் கொடுக்கவில்லை. சொத்தல்ல என்று நான் வாதாடிய பொருளைத் திருடன் ஒளித்து வைப்பதுபோல் ஏன் ஒளித்து வைத்தேன்? என் செய்கையில் குற்றமில்லையானால் என் வாய் ஏன் அடைத்துக்கொண்டது? வாதத்தில் எவ்வளவோ ஜெயிக்கலாம். வாய் அடைத்துப்போகும் இடம் எது என்று பார்த்தால்தான் நம் மனச்சாட்சி எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது.

ஒரு நாள் பூனை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சாக்கை ஏற்படுத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஒரு பழைய சேலையை நாலாக மடித்து விரித்திருந்தது. அதன்மேல் என் 'மேர்' துவண்டு கிடந்தார். ஆயா ஒரு சின்னக் கரண்டியால் அதன் வாயில் துளித் துளியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கண்களைப் பார்த்தாலே அவள் தூங்கவில்லை என்பது தெரிந்தது.

"வயிறு கழிஞ்சு ரெண்டு ராத்திரியா ஒரே கஷ்டம் தம்பி. எங்கேயோ பாலு குடிச்சிருக்கு. குட்டியில குடிச்சதோட சரி, பெரிசானப்புறம் அதுக்குப் பாலு ஒத்துக்கவே ஒத்துக்காது. நான் சொட்டுக்கூட வைக்கிறதில்லே."

எங்கேயோ! அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. பூனையென்றால் பால் என்று கதைகளில் படித்தவன் நான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்பதைப் பிற்பாடு புத்தகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புத்தகம் பார்க்காத ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. ஏனெனில் அவள் அந்தப் பூனையைப் பார்த்திருந்தாள்.

"எப்போ குணமாகுமோ, பொட்டச்சி வாடிப்போயிட்டா" என்றாள்.

அப்போதுதான் 'ராசாத்தி' என்ற பெயரின் அர்த்தம் என் மண்டையில் ஏறியது. மூன்று நிறப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண்தான். கறுப்புக்கும் செம்பழுப்புக்கும் காரணமான அம்சம் பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றுமாக உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அப்படி. ஒரு மாதம் மடியில் வைத்துக் கொஞ்சினேன். அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் கொஞ்சினேன்!

வைணவப் பெரியோர்கள் பக்தியைப் பற்றிப் பேசும்போது இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். அது மர்க்கட நியாயம், வடகலையார் கட்சி. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது. தாய்தான் அதை வாயால் கவ்விச் சுமந்து போகும். அது மார்ஜார நியாயம், தென்கலையார் கட்சி. பகவானுக்கும் ஜீவனுக்கும் உள்ள உறவைப் பற்றிய இந்த வழக்கைத் தீர்க்க நான் யார்? எனக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான். இரண்டு கட்சியிலும் சுமக்கிற ஒருவர் இருக்கிறார். யார் யாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் சண்டையே தவிர, சுமை உண்டு என்பதில் சண்டையில்லை. நான் கண்டுபிடித்த மூன்றாவது நியாயத்திலோ சுமையே கிடையாது. பூனை வரும், நான் தடவுவேன், அது உறுமிக்கொண்டே கண்ணை மூடும், எனக்கு ஆனந்தம். அதற்கு வயிறு கழிந்தால் கண்விழிப்பது பக்கத்து வீடு. உறவின் இன்பம் எனக்கு, பொறுப்பு அவளுக்கு என்று அவளைக் கேட்காமலே பாகப்பிரிவினை செய்திருந்தேன்.

பூனையோடு மட்டும் நிற்கிற விஷயமா இது? பிறர் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து நல்ல பெயர் எடுத்துவிட்டு, பல் வலியைப் பெற்றவளிடம் விட்டுப்போகும் மாமாக்கள் எத்தனை பேர்! அன்பு செய்வது எளிது என்று தோன்றும்போதெல்லாம், அதன் கடினமான பாதியை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது நல்லது.

ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தொலைபேசி மணி அடித்தது. பாரிசில் இருக்கும் மகன். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சிலர் எழுதிக் கொடுத்தார்கள், பெரும்பாலோர் கொடுக்கவில்லை. ஆயாவின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எழுதிக் கொடுத்தவர். பிள்ளை அங்கே போய்விட்டான். எந்தப் பக்கம் என்று மனிதனை ஆறு மாதத்துக்குள் சொல்லச் சொல்கிறோம். மதில்மேல் பூனை என்று கேலியும் பண்ணுகிறோம். அந்தப் பூனைக்கு மட்டும் இரண்டு பக்கமும் சொந்தமாக இருக்க முடிகிறது.

ஆயாவின் குரல் கேட்டது: "எத்தினி தபா சொல்றது? நான் அங்க வந்துட்டா ராசாத்திய யாரு பாத்துக்குவாங்க?"

எனக்கு உடம்பு சில்லிட்டது. மகன் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அவள் சொல்லும் பதில் இதுதான் போலும். இந்த மண்ணை விட மனமில்லை, குளிர் ஒத்துக்காது, பேரன் பேசுவது புரியாது என்பதையெல்லாம் சொன்னால் மகன் மனம் நோகும். ஆகவே எல்லாவற்றையும் அந்தப் பூனையின் தலையில் ஏற்றிச் சொல்லிவந்தாள். நானோ அந்தப் பதிலையே தினம் ஒரு கிண்ணம் பாலைக் காட்டி என் ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டிருந்தேன். பூனை யாருடைய சொத்தும் அல்லதான். ஆனால் அந்தப் பூனையைக் கொண்டு ஒருத்தி கட்டியிருந்த வாழ்க்கை அவளுடைய சொத்தல்லவா?

அவள் வெளியே வந்ததும், "பால் ஊற்றியது நான்தான் ஆயா. நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அது என் மடியில்தான் இருந்தது" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிறிது நேரம் பூனையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அங்கதான் போவுதுன்னு தெரியும். பாலு கொடுக்கிறது தெரியாது. ஒரு கொரல் கொடுத்திருக்கலாமே, தம்பி."

அவ்வளவுதான். அதற்குப் பதில் என் ஆதாரங்களில் ஒன்றிலும் இல்லை.

ராசாத்தி பிழைத்துக்கொண்டது. குற்ற உணர்ச்சியால் இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். அது விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் செய்த தப்புக்கு அதைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? அதன் இஷ்டம் என்ற என் பழைய வாதத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஆயாவிடமே போய் யோசனை கேட்டேன். "வந்தா வரட்டும். தின்ன மட்டும் ஒண்ணும் வைக்காதீங்க" என்றாள்.

இப்போது என் வீட்டில் கிண்ணம் கிடையாது. அப்படியும் அது வருகிறது. முன்பு பாலுக்காக வந்ததா, எனக்காக வந்ததா என்று எனக்குத் தெரியாமலிருந்தது. இப்போது வருவது கொஞ்ச நேரமே என்றாலும் மனம் அதிகமாக நிறைகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் மதிலுக்கு அப்பால் ஆயா கூப்பிடுகிறாள்.

"இங்கேதான் இருக்கிறது ஆயா!" என்று குரல் கொடுக்கிறேன்.

பூனை எழுந்து, சோம்பல் முறித்து, மதிலைத் தாண்டிப் போகிறது. மடி வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்த வெறுமையையும் சேர்த்துத்தான் அன்பு என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.