பெயரும் முகமும்

போன வாரம் அண்ணன் மகன் புதிதாக மாற்றிய முகப்புப் படத்தைக் காட்டினான். யாகமி லைட். சிவந்த கண், கையில் பேனா. "சித்தப்பா, இவன் செஞ்சதுல என்ன தப்பு? கெட்டவங்களைத்தானே கொன்னான்?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான், பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ ஒருவருடைய படத்தைப் பெயரோடு எங்கள் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். அன்றைக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அது என் தவறு. ஆகவே இதை அவனுக்கே எழுதுகிறேன். தம்பி, இதை நாளைக்கு என்று தள்ளாமல் இன்று ராத்திரியே படி.

லைட் நாயகனாக வரும் 'டெத் நோட்' என்ற ஜப்பானியக் கதையை சுகுமி ஓபா எழுத, டகேஷி ஒபாடா வரைந்தார். மங்கா என்கிற சித்திரக்கதையாக 2003 முதல் 2006 வரை வந்தது. 37 பகுதி அனிமே தொடர் 2006 அக்டோபரில் தொடங்கி மறுவருஷம் ஜூனில் முடிந்தது. நீ இரண்டு முறை பார்த்திருக்கிறாய். இருந்தாலும் முதல் பகுதியில் ஓர் இடத்தை ஓட்டிவிட்டாய் என்று நினைக்கிறேன்.

பெயரை எழுதினால் அந்த ஆள் செத்துப்போகிற நோட்டுப் புத்தகம் கையில் கிடைத்தபோது லைட்டிடம் எந்தக் கொள்கையும் கிடையாது. நிஜமா பொய்யா என்று பார்க்கத்தான் எழுதுகிறான். பாலர் பள்ளியில் ஆட்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருப்பவனின் பெயரை டிவியைப் பார்த்து எழுதுகிறான். 40 நொடியில் மாரடைப்பு. தற்செயலாக இருக்குமோ என்று, தெருவில் ஒரு பெண்ணிடம் வம்பு செய்தவன் பெயரையும் எழுதுகிறான். அவன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். அப்போதுதான் லைட்டுக்கு உடம்பு நடுங்குகிறது. தூக்கம் போகிறது, ஆள் இளைக்கிறான். உலகம் அழுகிக் கிடக்கிறது, யாராவது சுத்தம் செய்தாக வேண்டும், அதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்கிற பேச்செல்லாம் இந்த நடுக்கத்துக்குப் பிறகு வருகிறது.

வரிசையைக் கவனி. கொலை முன்னால் நடந்தது, கொள்கை பின்னால் வந்தது. மனசு உறுத்தியபோது நோட்டை எரித்திருக்கலாம். அவனோ உறுத்தலைச் சமாளிக்க ஒரு தத்துவம் செய்துகொண்டான். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரும். ஆகவேதான் உன்னிடம் சொல்கிறேன்.

கெட்டவர்களை மட்டும் என்ற அந்தக் கணக்காவது நின்றதா? டிவியில் ஒருவன் தோன்றி, தன்னை எல் என்று சொல்லிக்கொண்டு, நீ செய்வது தீமை என்கிறான். லைட் அறிந்தவரை அவன் ஒரு குற்றமும் செய்யாத துப்பறிவாளன். உடனே அவன் பெயர் நோட்டில் ஏறுகிறது. செத்தவன், உண்மையான துப்பறிவாளன் எல்லின் இடத்தில் நிறுத்தப்பட்ட மரண தண்டனைக் கைதி என்பது எழுதி முடித்த பிறகே தெரியவருகிறது. அதையடுத்து, தன்னைத் தேடி வந்த 12 எஃப்பிஐ ஆட்கள். அப்புறம் அந்த உருளைக்கிழங்கு சிப்ஸ் காட்சி. அதை மீமாக்கிச் சிரிக்கிறீர்களே, கொஞ்சம் கிட்டப்போய்ப் பார். அறை முழுக்க ரகசியக் கேமரா. பாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்த குட்டி டிவி. ஒரு கை கணக்குப் போடுகிறது, மறு கை பாக்கெட்டுக்குள் பெயர் எழுதுகிறது. செத்தவர்கள் யார்? கைப்பை பறித்ததாகவும் வங்கிப் பணம் கையாடியதாகவும் செய்தியில் வந்தவர்கள். தன் மேல் சந்தேகம் வராதிருக்க அவர்கள் சாக வேண்டியிருந்தது. இதிலே நீதி எங்கே இருக்கிறது, சொல்.

இனி கதையை விடு. அதே ஜப்பானில், 1966இல், ஷிசுவோகா மாவட்டத்தில் மிசோ ஆலை அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். ஆலையில் வேலை செய்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் இவாவோ ஹகமடா கைதானார். நாள்கணக்கில் விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். நீதிமன்றத்தில் அவர் அதை மறுத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, ஆலையின் மிசோத் தொட்டிக்குள் ரத்தக்கறைத் துணிகள் கிடைத்ததாகச் சொன்னார்கள். 1968இல் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு மேல்முறையீட்டில், அந்தத் துணிகளில் இருந்த கால்சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தபோது இடுப்புக்கு ஏறவில்லை. ஆனாலும் தண்டனை மாறவில்லை. 1968இல் தீர்ப்பு சொன்ன மூன்று நீதிபதிகளில் ஒருவர், அவர் நிரபராதி என்றே தான் நம்பியதாக 2007இல் வெளியே சொன்னார். நீ பார்த்த அனிமே முடிந்த அதே வருஷம். அப்போது ஹகமடா சிறையில் இருந்தார். 2014இல் வெளியே விட்டார்கள். அக்கா ஹிதேகோ ஓயாமல் போராடி, 2024 செப்டம்பரில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. ஆதாரங்களை விசாரித்தவர்களே ஜோடித்தார்கள் என்று நீதிமன்றமே சொன்னது. அவருக்கு அப்போது 88 வயது.

ஜப்பானில் பலர் அவரைக் கொலைகாரன் என்று நம்பியிருந்தார்கள். லைட்டிடம் அவர் பெயர் போயிருந்தால் 40 நொடி.

அந்த நோட்டு கேட்பது இரண்டே விஷயம்: ஒரு பெயர், ஒரு முகம். சாட்சி கேட்காது, மறுப்பைக் கேட்காது. நீ குழுவில் போட்ட பதிவில் வேறு என்ன இருந்தது?

உன்னைக் கொலைகாரன் என்று சொல்லவில்லை. நீ நல்ல பிள்ளை, என் பயமே அதுதான். நடுவில் லைட்டுக்கு நோட்டின் நினைவே அற்றுப்போகும் பகுதி வருகிறதல்லவா? அப்போது லைட்டைக் காதலிக்கும் மிசா என்ற பெண்ணின் அன்பை வைத்து அவளிடமிருந்து செய்தி கறக்கச் சொல்கிறான் எல். ஒருத்தியின் மனசோடு விளையாட மாட்டேன் என்று மறுக்கிறான் லைட். மறுபடி நோட்டைத் தொட்டதும் பழைய ஆள் திரும்பிவிடுகிறான். நல்ல பிள்ளையாக இருப்பது மட்டும் போதாதப்பா. கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

எழுந்து அந்த ஆளின் படத்தை அழி. குழுவில், விசாரிக்காமல் போட்டுவிட்டேன், யாரும் அனுப்ப வேண்டாம் என்று உன் பெயரிலேயே எழுது. வெட்கமாக இருக்கும், எழுது. வேறு யாருக்கெல்லாம் அனுப்பினாயோ அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல். பாட்டியிடம் மட்டும் நேரில் போ. அவர் அதை நேற்றே கோயில் வாசலில் பூக்காரம்மாவிடமும் இன்னும் நாலு பேரிடமும் காட்டிவிட்டதாகச் சொன்னார். அவரையும் கூட்டிக்கொண்டு போய் பூக்காரம்மாவையும் அந்த நாலு பேரையும் பார்த்துவிட்டு வா. காலையில் 6 மணிக்கெல்லாம் பூக்கடை திறந்துவிடும்.